கோபத்துக்கு ஒரு கொத்துக் கீரை

நவம்பர் 12, செவ்வாய்

டாக்டரம்மா சர்க்கரை அளவை மட்டும் தினமும் குறித்து வைக்கச் சொன்னார். வெறும் எண்களை எழுதுவதற்காகத் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் இவ்வளவு தடியான டைரியைக் கொடுத்திருக்க மாட்டார். அதனால் எனக்குத் தோன்றுவதை எல்லாம் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்.

இன்று ஜெபக்கனி டீச்சர் பெயர் வாசித்தார். பொங்கல் முடிந்ததும் தூத்துக்குடியில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு எறிபந்துப் போட்டி. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் ஆடும் கூட்டத்திலிருந்து ஏழு பேர் போகிறோம். ஏழில் ஒன்று ஆவுடையம்மாள், அதாவது நான். டீச்சர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, நான் அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மைதானத்தில் அவர் கேப்டன், சமையல்கூடத்தில் நான் கேப்டன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, நூலை அறுத்த பிறகு வாயைத் திறந்தார்.

"ஆடு. நான் வேண்டாங்கல. ஆனா ரேஷன் கடையில விழுந்த மாதிரி இன்னொரு தடவ விழுந்தேன்னு வையி, பந்தத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்."

"அது வெயிலுல வந்த மயக்கம்."

"வெயிலோ மழையோ. விழுந்தா பரண்."

ரேஷன் கடையில் விழுந்தது, ஊசி போட ஆரம்பித்த புதிதில். அணியில் எல்லாருக்கும் எனக்குச் சர்க்கரை என்று தெரியும். இன்சுலின் ஊசி போடுவது தெரியாது. தெரியவும் வேண்டாம். சாத்தூரில் எங்கள் அக்கா ஊசிக்கு மாறினாள், அடுத்த வருசமே கால்விரல் ஒன்றை எடுத்தார்கள், அதன்பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. விரல் போனது புண்ணைக் கவனிக்காததால், ஊசியால் அல்ல என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி என்று காதில் விழுந்ததும் ஜனங்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடும். எனக்கு ஆட வேண்டும்.

ஆகவே விடிந்ததும் வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன். காலைப் பலகாரம் திரும்பி வந்துதான். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். வயிறு நிறைந்தவள் பந்துக்குக் குனிய மாட்டாளாம்.

என் பங்குக்கு நானும் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். எனக்கு யாரும் இனிப்புக் கொடுக்கக் கூடாது. நானே கேட்டாலும் கூடாது, காலில் விழுந்து கேட்டாலும் கூடாது. மீறியவள் அன்றைக்கு வலைக்கம்பங்களைத் தனியாகத் தூக்க வேண்டும். கம்பத்தின் கனம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் சட்டம் நன்றாக வேலை செய்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

சாயங்காலம் இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதைப் போல என் இரண்டு பாதங்களையும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஷூவை உதறிப் போடச் சொன்னார். உதறித்தான் போடுகிறேன்.

நவம்பர் 18, திங்கள்

முத்துச்செல்விக்கும் எனக்கும் சண்டை. அவள் எங்கள் தெருக்காரி, நல்ல பிள்ளை, ஆனால் இன்றைக்கு இரண்டு பந்தைத் தவறவிட்டாள். கையில் என்ன வெண்ணெயா தடவியிருக்கிறாய் என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஆத்திரத்தில் கையெல்லாம் நடுங்கியது.

வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தபோது எதற்காகக் கத்தினேன் என்றே விளங்கவில்லை. கோபத்துக்கு இட்லியைப் போல மருந்து கிடையாது.

கொல்லையில் முருங்கை மழைக்குத் தழைத்துக் கிடக்கிறது. ஒரு கொத்துக் கீரை ஒடித்து அவள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. கீரை மிச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 25, திங்கள்

அணிக்குச் சீருடை வந்துவிட்டது. வந்துவிட்டது என்ன, இவர்தான் தைத்தார். அடர்ந்த நீலம், தோளில் மஞ்சள் பட்டை. டீச்சர் சிவப்பு கேட்டார். சிவப்பில் வியர்வை தெரியும் என்று இவர் சொல்ல, டீச்சர் ஒத்துக்கொண்டார். துணி விஷயத்தில் இவரிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை.

என் கால்சட்டையில் மட்டும் இடுப்போரம் உள்பக்கமாக ஜிப் வைத்த சின்னப் பாக்கெட் இருக்கிறது. தினமும் ஆடப் போட்டுக்கொள் என்று இதே மாதிரி இன்னொன்றும் தைத்திருக்கிறார்.

"இது எதுக்கு?"

"சாவி வைக்க."

எங்கள் வீட்டுச் சாவி உள்ளங்கை நீளம். அது இதற்குள் நுழையவே நுழையாது. மனுசனுக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

இன்று டீச்சரிடமே சண்டை. வலை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றேன். இல்லை என்றார். "நீங்கல்லாம் ஒரு கேப்டனா" என்று கேட்டுவிட்டேன். கார்த்திகைக் குளிரில் எனக்கு மட்டும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த அளவுக்கு உழைத்து ஆடுகிறேன் என்று அர்த்தம்.

தோசை சாப்பிட்ட பிறகு யோசித்தால், வலை சரியாகத்தான் இருந்தது.

டீச்சருக்கு இரண்டு கொத்து. சமையல்கூடத்துக்கு முட்டை வந்தபோது டீச்சரும் அங்கே வந்தார். கீரை இளசாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல பொம்பளை.

டிசம்பர் 9, திங்கள்

வீட்டுக்குள் நுழையும்போதே இவர் கேட்டார்.

"இன்னிக்குக் கிரவுண்டுல யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல. பால்காரர்கிட்ட. வழியில."

"கோவம் வந்தது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாப்பிட்டுட்டா நான் இங்க வந்து நிக்கேன்? இதென்ன கேள்வி? பேசாம மெஷினப் பாருங்க."

பேசாமல் மெஷினைப் பார்த்தார். பால்காரருக்கும் ஒரு கொத்து கொடுத்தேன். மரம் ஒரு பக்கம் மொட்டையாகிக்கொண்டு வருகிறது.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. வாசல் நிறைய விளக்கு வைத்தேன். முத்துச்செல்வி வீட்டில் வெல்லப் பொரி மணத்தது. நான் உள்ளே போனதும் அவள் தட்டை முந்தானையால் மூடிவிட்டாள். சட்டத்தை இப்படிக் காப்பாற்றுகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது. பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

டிசம்பர் 21, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சரியானது இதுதான்.

பாதி ஆட்டத்தில் பந்து இரண்டாகத் தெரிந்தது. எதைப் பிடிப்பது என்று யோசிப்பதற்குள் மூக்கில் பட்டது. உடம்பெல்லாம் வியர்வை, உள்ளங்கை நடுக்கம், வயிற்றுக்குள் ஒரு பகீர். ரேஷன் கடையில் வந்த அதே பகீர். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முத்துச்செல்வியின் மாமனார் கடலைமிட்டாய் போடுகிறவர், அவள் பையில் எப்போதும் இருக்கும்.

"ஏட்டி, ஒரு கடலமிட்டாய் குடு."

அவள் சிரித்தாள். "ஆசையப் பாருங்க. கால்ல விழுந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

"இப்பக் குடுட்டி."

"டீச்சர், அக்கா நம்மளச் சோதிச்சுப் பாக்காங்க."

நான் பையைப் பிடுங்கப் போனேன். அவள் அதை டீச்சருக்கு எறிந்தாள், டீச்சர் இரண்டு கையாலும் பிடித்து அடுத்தவளுக்கு எறிந்தார். என் அணி அவ்வளவு சுத்தமாக எறிந்து பிடித்து அதுவரை நான் பார்த்ததில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் கத்துகிறேன். நான் கத்துவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம், அதனால் யாரும் பயப்படவில்லை. ஊசி போட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. இத்தனை நாளும் மறைத்த சொல் தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை.

தரையில் உட்கார்ந்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன். இந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் முத்துச்செல்வி பயந்தாள். பயந்தும் சட்டத்தை மீற மனசு வராமல் இவருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டாள்.

"அண்ணாச்சி, அக்கா கடலமிட்டாய் கேட்டு அடம்பிடிக்காங்க. தரையில உக்காந்துட்டாங்க. ஒண்ணே ஒண்ணு குடுக்கலாமா?"

மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசி அறியாத மனுசன் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அவ இடுப்புல ஜிப்பு வச்ச பாக்கெட் இருக்கும்மா. தொறந்து பொட்டலத்த வாயில போடு. யோசிக்காத, போடு."

அந்த ஜிப்பை ஒருநாளும் நான் திறந்ததில்லை. டீச்சர் திறந்தார். உள்ளே கோயிலில் விபூதி மடிப்பார்களே, அப்படி மடித்த பொட்டலங்கள்.

"என்ன இது, திருநீறா?" என்றவர், "எதுவா இருந்தாலும் ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்று என் வாயில் கொட்டினார். குளுக்கோஸ். இன்னொன்றையும் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் பந்து ஒன்றாகத் தெரிந்தது, டீச்சரும் ஒருத்தராகத் தெரிந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

இவர் கழுத்தில் அளவு டேப்போடு மொபெட்டில் வந்து சேர்ந்தார். எல்லார் முன்னாலும் ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று டீச்சர் கேட்டார்.

"சொன்னா ஒக்கார வச்சுருவீங்க."

"இப்ப மட்டும் எங்க இருக்கீங்க?"

மண்ணில்தான் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் வயித்தோட வரச் சொன்னது நாந்தான" என்று இரண்டு தடவை சொன்னார். முத்துச்செல்வி அழுதாள். அவளை அதட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பந்தைப் பரணில் வைத்தார்.

"நான் விழல. உக்காந்தேன்."

"தெரியும். டாக்டரம்மா சொல்லட்டும்."

டிசம்பர் 23, திங்கள்

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் ஓடியாடினால் இருக்கிற சர்க்கரையும் இறங்கிப்போகும் என்று முதல் தடவையே சொல்லியிருந்தார். அப்போது நான் தலையாட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அடிக்கடி கோபம் வருதாம்மா?" என்றார்.

"அது பிறவிலயே உள்ளது."

"பிறவிக் கோபம் சரி. சர்க்கரை எறங்குறப்ப சில பேருக்குக் கோபம்தான் முதல்ல வரும். நடுக்கம், வேர்வை எல்லாம் கூடவே வரும்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டது, சாவிக்கு என்று தைத்த பாக்கெட், எல்லாம் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்து, சொல்லாமல் தைத்து வைத்திருக்கிறார். டாக்டரம்மா முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரையா என்று அவர் கேட்டார். இல்லை, இது அழுகைதான் என்றேன்.

"இனிமே நான் ஆடலாமா?"

"ஆடணும். ஒழுங்கா ஆடணும்."

ஆடுகிற நாளில் ஊசி அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டால் பலகாரம் சாப்பிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பும்முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் அன்றைக்கு முதலில் வயிறு, பிறகுதான் பந்து. பொட்டலம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. சர்க்கரை எப்போது இறங்கினாலும் முதலில் குளுக்கோஸ், கடலைமிட்டாய் எல்லாம் அதற்குப் பிறகு.

பஸ்ஸில் வரும்போது இந்த இரண்டு மாதச் சண்டைகளை நினைத்துப் பார்த்தேன். எது நான் போட்டது, எது சர்க்கரை போட்டது என்று பிரிக்கப் பார்த்தேன். பால்காரர் சண்டை நிச்சயம் சர்க்கரை. வலைச் சண்டை சர்க்கரை. முத்துச்செல்வி பந்தைத் தவறவிட்டது மட்டும் உண்மை.

டிசம்பர் 26, வியாழன்

அரைப்பரீட்சை லீவு. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பந்தை இறக்கினேன். ஒரு வாரமாகக் கிடந்தது, காற்று இறங்கியிருக்கும் என்று அழுத்திப் பார்த்தால் கல்லைப் போல இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் இவர் காற்று அடித்து வைத்திருக்கிறார்.

ஜனவரி 1, புதன்

புது டைரி. அதே கம்பெனி, இந்தத் தடவை பச்சை அட்டை. கால் சுத்தம், ஒரு கீறல் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

டீச்சர் சட்டத்தை மாற்றிவிட்டார். நான் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தால் எனக்கு ஒருமாதிரி இருக்குமாம், அதனால் எல்லாரும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். ஒருத்தியும் குனியாமல் நிற்கவில்லை. இதற்காகவா இத்தனை வருசம் வயிறு காய்ந்தோம் என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

ஊசி என்றதும் யாரும் அந்தப் பார்வை பார்க்கவில்லை. வலிக்குமா என்று கேட்டார்கள். பேனா போன்ற கருவியைக் காட்டினேன், நூல் நுனியளவு ஊசி. "இதுக்கா இத்தன நாளு மறச்சீங்க?" என்றாள் முத்துச்செல்வி. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ஆடவா விடுதாங்க?" என்று அவள் ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டாள்.

ஒரே தொல்லை, இப்போது எனக்குக் கோபப்பட உரிமை இல்லை. புருவத்தை நெரித்தாலே ஒருத்தி பொட்டலத்தோடு வருகிறாள். இன்றைக்கு வெயில் கண்ணில் அடித்ததால் முகம் சுளித்தேன். அதற்குள் டீச்சர் வாயைத் திறக்கச் சொல்கிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலில் ஒரு ஸ்பூன், அதற்கு ஈடாக மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டியைக் கழித்துக்கொண்டேன். முத்துச்செல்வி பக்கத்தில் நின்று பார்த்தாள். முந்தானையால் மூடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து இப்போதுதான் வந்தோம். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் விடமாட்டேன்.

நேற்று இரண்டு ஆட்டமும் ஜெயித்து, இன்று இறுதி ஆட்டம். ஆளுக்கொரு செட் ஜெயித்து மூன்றாவது செட். கடற்காற்றில் பந்து அலைந்தது. நான் ஓடிப்போய் ஒற்றைக் கையால் எறிந்த பந்து கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நடுவர் வெளியே என்று கையைக் காட்டினார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"சார், கோட்டுல சுண்ணாம்பு அழிஞ்சு கெடக்கு. அங்க வந்து பாருங்க. பாத்துட்டு அவுட்டுன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கிடுதேன்."

அவர் எச்சரித்தார். நான் நகரவில்லை. அதற்குள் டீச்சர் கடைசி டைம் அவுட்டைக் கேட்டுவிட்டார். முத்துச்செல்வி என் வாய்க்கு நேராகப் பொட்டலத்தோடு நிற்கிறாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து இவர் சர்க்கரை பார்க்கும் கருவியோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறார். எதிரணிக்காரிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். விரலை நீட்டினேன். குத்தினார். எல்லாரும் குனிந்து அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தோம்.

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்றார் இவர். பிறகு நடுவரைப் பார்த்தும் சத்தமாகச் சொன்னார். "சார், சுகர் நல்லா இருக்கு. இவ சொல்லுதது சரியாத்தான் இருக்கும்."

"பாத்தீங்களா?" என்றேன் என் அணியைப் பார்த்து. "இது என் சொந்தக் கோவம்."

நடுவர் தீர்ப்பை மாற்றவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம். இரண்டாம் பரிசுக் கோப்பையை முத்துச்செல்வி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பந்து வரை நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

வேனில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கோவம் நல்லா இருந்துச்சு" என்றார்.

"பந்து கோட்டுலதான விழுந்துச்சு?"

"கோட்டுலதான்."

ஜனவரி 20, திங்கள்

காலையில் கொல்லைக்குப் போய் முருங்கையில் ஒரு கொத்து ஒடித்தேன். நேற்றைய கோபத்துக்கு யாருக்கும் கீரை அனுப்ப வேண்டியதில்லை. நியாயமான கோபம் அது. பிறகு எதற்கு ஒடித்தேன் என்று மரத்தடியில் நின்று யோசித்தேன்.

முத்துச்செல்விக்குக் கொடுத்தேன், டீச்சருக்குக் கொடுத்தேன், பால்காரருக்குக்கூடக் கொடுத்தேன். எல்லாரிடமும் ஓரிரு தடவைதான் கத்தியிருப்பேன். மிச்சக் கோபத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுசன். அவருக்கு ஒரு இணுக்குக் கொடுத்ததில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து கீரையை உருவினேன். இவர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு யார்கிட்டச் சண்ட? அந்தக் கீரை யாருக்கு?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

மெஷின் நின்றது. அப்புறம், "தேங்காய் கொஞ்சம் தூக்கலாப் போடு" என்றார். போட்டேன்.